கடைசி இடத்துக்கு எதற்குப் பரிசு? என்எச்எல் பிளேஓஃப்பும் டிராஃப்ட்டும்

2025 மே 4, பிற்பகல்

வட அமெரிக்காவின் பனி ஹொக்கி லீக்கான என்எச்எல் பற்றி வாசகர் ஒருவர் கேட்கிறார்: “டலஸ் 106 புள்ளி எடுத்தது, கொலராடோ 102 எடுத்தது. இந்த இரண்டில் ஒன்று முதற் சுற்றோடு வீட்டுக்குப் போக வேண்டுமென்றால் 82 ஆட்டங்கள் எதற்கு? முன்பு போல ஒன்றாம் இடத்தை எட்டாம் இடத்தோடும் இரண்டாம் இடத்தை ஏழாம் இடத்தோடும் மோதவிட்டால் எல்லாம் சரியாகிவிடாதா?”

கேட்டவர் கொலராடோ ரசிகர் என்பதைக் கண்டுபிடிக்கச் சாத்திரம் பார்க்கத் தேவையில்லை. நேற்றிரவு ஏழாவது ஆட்டத்தில் இரண்டு கோல் முன்னிலையில் இருந்த அணியை, அந்த அணியே ஜனவரியில் கைமாற்றிவிட்ட மிக்கோ ரன்ரனென், கடைசி இருபது நிமிடத்தில் மூன்று கோல் அடித்து வெளியேற்றினார். ஆற்றாமையில் எழுந்த கேள்விதான், ஆனாலும் நியாயமான கேள்வி.

2013-14 பருவத்திலிருந்து நான்கு பிரிவுகளிலும் முதல் மூன்று இடங்களைப் பிடிக்கும் அணிகள் நேரடியாகப் பிளேஓஃப்புக்குள், அதாவது கிண்ணத்துக்கான வெளியேற்றுச் சுற்றுகளுக்குள், வருகின்றன. கிழக்கிலும் மேற்கிலும் மீதமுள்ளவற்றில் அதிக புள்ளி எடுத்த இரண்டிரண்டு அணிகள் வைல்ட் கார்ட் வழியாக வருகின்றன. பிரிவின் இரண்டாம் இடமும் மூன்றாம் இடமும் முதற் சுற்றில் மோதியே ஆக வேண்டும் என்பதால், ஒரு பிரிவு பலமாக அமைந்துவிட்டால் நல்ல அணிகள் ஒன்றையொன்று தின்றுவிடுகின்றன. 2017-இல் பிற்ஸ்பேர்க் 111 புள்ளி, கொலம்பஸ் 108 புள்ளி. லீக் முழுவதிலும் இரண்டாவதும் நான்காவதுமான அந்த அணிகள் முதற் சுற்றில் சந்தித்தன. வென்ற பிற்ஸ்பேர்க் அடுத்த சுற்றிலேயே 118 புள்ளியோடு லீக்கில் முதலாவதாக வந்த வொஷிங்ரனைச் சந்தித்தது.

ரொறன்ரோவில் இருப்பவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. முதற் சுற்றில் எங்களுக்கு 2018, 2019, 2024 ஆகிய ஆண்டுகளில் பொஸ்ரன். 2022, 2023 ஆகிய ஆண்டுகளில் ரம்பா பே. எட்மன்ரன் ரசிகர்கள் இந்த வருடத்தோடு நான்காவது முறையாகத் தொடர்ந்து லொஸ் ஏஞ்சலஸ் அணியையே முதற் சுற்றில் பார்த்திருக்கிறார்கள். எதிரணி யார் என்பதை ஒக்ரோபரிலேயே சொல்லிவிடலாம் என்று என் மகன் கேலி செய்வான். ஆகவே வாசகரோடு முழுமையாக உடன்படுகிறேன்: ஒன்றுக்கு எட்டு என்ற முறைக்குத் திரும்ப வேண்டும்.

2025 மே 4, இரவு 9 மணி

அவசரப்பட்டுவிட்டேன். சாப்பிட்ட பிறகு மின்கட்டண உறையின் பின்புறத்தில் மேற்குப் பகுதியை எழுதிப் பார்த்தேன். வின்னிபெக் 116, வேகஸ் 110, டலஸ் 106, லொஸ் ஏஞ்சலஸ் 105, கொலராடோ 102, எட்மன்ரன் 101, மினசோற்றா 97, சென் லூயிஸ் 96. ஒன்றுக்கு எட்டு என்று மோதவிட்டால் வின்னிபெக்குக்குச் சென் லூயிஸ், வேகஸுக்கு மினசோற்றா. இரண்டும் இப்போது நடப்பவையே. டலஸுக்குக் கொலராடோவுக்குப் பதில் எட்மன்ரன் கிடைக்கும். 102 புள்ளி அணிக்குப் பதிலாக 101 புள்ளி அணி, அதுவும் கொனர் மக்டேவிட் என்ற நட்சத்திரம் ஆடும் அணி. கொலராடோ லொஸ் ஏஞ்சலஸுக்குப் பயணப்படும். இதற்காகவா இத்தனை சத்தம்?

கிழக்கில் எனக்கே நட்டம். ரொறன்ரோவுக்கு நியூ ஜேர்சி வந்திருக்கும். 2004-க்குப் பிறகு முதல் முறையாக நடந்த ஒட்டாவாத் தொடர் நடந்திருக்காது. கடந்த இரண்டு வாரம் என் தெருவில் கார்க் கண்ணாடிகளில் பறந்த கொடிகளை எண்ணிப் பார்க்கிறேன். நியூ ஜேர்சிக்கு எதிராக யாரும் கொடி கட்டியிருக்க மாட்டார்கள்.

2025 மே 5, காலை

வின்னிபெக்கில் இருக்கும் நண்பர் இரவு ஒரு மணிக்குத் தொலைபேசியில் அழைத்து எதுவும் பேசாமல் மூச்சு மட்டும் வாங்கினார். அவருடைய அணி லீக்கில் முதலிடம். எட்டாவதாக உள்ளே வந்த சென் லூயிஸுக்கு எதிராக ஏழாவது ஆட்டத்தில் தோற்றுக்கொண்டிருந்து, 1.6 வினாடி மீதமிருக்கச் சமன் செய்து, இரண்டாவது மேலதிக நேரத்தில் தப்பியது.

இதைத்தான் நேற்று நான் யோசிக்கவில்லை. சரியான சோடி சேர்த்துவிட்டால் சிறந்த அணிக்குப் பரிசு கிடைத்துவிடும் என்று நினைத்தேன். 2019-இல் 128 புள்ளி எடுத்த ரம்பா பே, கொலம்பஸிடம் ஓர் ஆட்டம்கூட வெல்லாமல் போனது. 2023-இல் 135 புள்ளி எடுத்துச் சாதனை படைத்த பொஸ்ரன், 92 புள்ளி எடுத்த புளோரிடாவிடம் மூன்றுக்கு ஒன்று என்ற முன்னிலையிலிருந்து தோற்றது. இரண்டுமே ‘முதலாவதுக்குக் கடைசி’ என்ற சோடிதான். சூடேறிய ஒரு கோல் காப்பாளர் போதும், ஆறு மாதக் கணக்கைக் கலைத்துவிட. முதலிடத்துக்கு இப்போது கிடைப்பது சொந்த அரங்கில் ஓர் ஆட்டம் கூடுதலாக ஆடும் உரிமை மட்டும். அந்த உரிமை எவ்வளவு மெல்லியது என்பதை வின்னிபெக் நண்பரின் மூச்சில் கேட்டேன்.

2025 மே 5, இரவு

டிராஃப்ட்டில், அதாவது அணிகள் இளம் வீரர்களை வரிசையாகத் தெரிவு செய்யும் நிகழ்வில், யார் முதலில் எடுப்பது என்பதற்கான லொத்தர் முடிந்தது. 82 புள்ளி எடுத்த நியூயோர்க் ஐலன்டர்ஸ், பின்னாலிருந்து பத்தாவது அணி, வெறும் 3.5 சதவீத வாய்ப்போடு முதற் தேர்வைப் பிடித்துவிட்டது. 52 புள்ளியோடு கடைசியாக வந்த சான் ஹோசே இரண்டாவது. பின்னாலிருந்து பதினான்காவதான யூற்றா நான்காம் இடத்துக்குத் தாவியது. பந்துகள் குலுங்குவதை இம்முறை நேரலையில் காட்டினார்கள். எங்கள் ஊர்க் கோயில் திருவிழாவில் அதிர்ஷ்ட இலாபச் சீட்டு இழுப்பதைவிடச் சற்று விறுவிறுப்பாக இருந்தது, அவ்வளவுதான்.

வாசகரின் கேள்வி பிளேஓஃப் பற்றியது என்பது தெரியும். ஆனால் இரண்டும் ஒரே பொருளின் இரு முனைகள். மேலே இருப்பவனுக்கு வென்றதற்குப் போதிய பரிசு இல்லை, கீழே இருப்பவனுக்குத் தோற்றதற்குப் பரிசு இருக்கிறது.

2025 மே 7

டிராஃப்ட் 1963-இல் மொன்றியலில் தொடங்கியபோது 21 பேரே தெரிவானார்கள். அதற்கு முன் பெரிய அணிகள் இளையோர் அணிகளுக்குப் பணம் கொடுத்துப் பதின்ம வயதுப் பையன்களைத் தங்களுக்கென்று கட்டி வைத்திருந்தன. அந்தப் பிடியைத் தளர்த்தத்தான் டிராஃப்ட் வந்தது; ‘கடைசி அணி முதலில் தெரிவு செய்யட்டும்’ என்பது பின்னர் வந்த எண்ணம். நல்ல எண்ணம்தான். ஆனால் 1984-இல் மரியோ லெமியூ என்ற பையன் வந்தான். பிற்ஸ்பேர்க் 38 புள்ளி, நியூ ஜேர்சி 41 புள்ளி என்று பருவம் முடிந்தது. அவனைப் பெறுவதற்காக யார் பின்னால் ஓடுவது என்ற போட்டி அது. பருவத்தின் நடுவில் பிற்ஸ்பேர்க் தன் சிறந்த பின்கள வீரர் ராண்டி கார்லைலை வின்னிபெக்குக்கு அனுப்பிவிட்டது. (இதே கார்லைல்தான் 2013-இல் பொஸ்ரனிடம் ஏழாவது ஆட்டத்தில் நான்குக்கு ஒன்று முன்னிலையிலிருந்து தோற்ற எங்கள் ரொறன்ரோ அணியின் பயிற்றுநர். அந்த இரவைப் பற்றி இங்கே எழுத மாட்டேன்.)

1993-இல் ஒட்டாவாவும் சான் ஹோசேயும் ஆளுக்கு 24 புள்ளி எடுத்துத் தள்ளாடின. வெற்றிகள் ஒன்று குறைவாக இருந்ததால் ஒட்டாவாவுக்கு முதற் தேர்வு கிடைத்தது. அது வேண்டுமென்றே தோற்றதா என்று லீக் விசாரிக்கும் அளவுக்குப் பேச்சு எழுந்தது. கிடைத்த அலெக்ஸாண்டர் டேக் பெரிதாக எதுவும் சாதிக்கவில்லை. இரண்டாவதாகத் தெரிவான கிறிஸ் புரோங்கர் புகழ் மண்டபத்தில் இருக்கிறார். 1995-இல் லொத்தர் வந்தது. அதன் பிறகு விதியை மாற்றி மாற்றி ஒட்டுப்போட்டுக்கொண்டே இருக்கிறார்கள்: 2016-இலிருந்து மூன்று இடங்களுக்குக் குலுக்கல், 2021-இலிருந்து இரண்டு இடங்களுக்கு, 2022-இலிருந்து பத்து இடத்துக்கு மேல் தாவ முடியாது, ஐந்து வருடத்தில் இரண்டு முறைக்கு மேல் வெல்ல முடியாது. ஒட்டுப்போட்ட குடையில் எந்த இடத்தில் ஒழுகும் என்று மழை வந்தால்தான் தெரியும்.

2015 மார்ச் மாதக் கடைசியில் நான் பஃபலோவுக்கு ஆட்டம் பார்க்கப் போயிருந்தேன். ரொறன்ரோவில் ரிக்கெற் வாங்கும் காசுக்கு அங்கே நான்கு பேர் பார்க்கலாம் என்பதால் எல்லை தாண்டிப் போவது எங்களுக்குப் பழக்கம். எதிரணி அரிசோனா, லீக்கின் கடைசி இரண்டு அணிகள், முன்னே மக்டேவிட் என்ற பரிசு. மேலதிக நேரத்தில் அரிசோனாவின் சாம் கன்யே கோல் அடித்தபோது அரங்கு எழுந்து ஆரவாரம் செய்தது. எனக்கு முன்வரிசையில் பஃபலோச் சட்டை போட்ட ஒரு தகப்பன் கைதட்டினார். பக்கத்தில் ஏழெட்டு வயதுப் பிள்ளை தன் அணி தோற்றதற்கு அழத் தொடங்கி, தகப்பனின் முகத்தைப் பார்த்து, அழுகையை நிறுத்திக் குழம்பி நின்றது. அவர் பிள்ளையின் காதில் ஏதோ விளக்கினார். பிள்ளை தலையாட்டியது. விளங்கியிருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

லொத்தரில் எட்மன்ரன் 11.5 சதவீத வாய்ப்போடு மக்டேவிட்டை எடுத்துச் சென்றது. ஆறு டிராஃப்ட்டுகளில் அவர்களுக்கு அது நான்காவது முதற் தேர்வு. பஃபலோவுக்குக் கிடைத்த ஜாக் ஐக்கல் பின்னர் வேகஸுக்குப் போய் 2023-இல் கிண்ணம் வென்றார். பஃபலோ 2011-க்குப் பிறகு 2025 வரை பிளேஓஃப் பார்க்கவில்லை.

2025 மே 7, சற்றுப் பிறகு

மேலே எழுதியதைப் படித்த மகன், “அப்பா, அடுத்த வருடம் நீங்கள் என்ன செய்தீர்கள் என்றும் எழுதுங்கள்” என்கிறான். எழுதுகிறேன். 2016-இல் ரொறன்ரோ கடைசியாக வந்தது, லொத்தரில் வென்றது, ஓஸ்ரன் மத்யூஸ் வந்தார். அந்த மார்ச் மாதத்தில் ஒவ்வொரு தோல்விக்கும் நான் உள்ளுக்குள் மகிழ்ந்தேன். கைதட்டவில்லை என்பது மட்டுமே எனக்கும் பஃபலோத் தகப்பனுக்கும் இடையிலான வித்தியாசம்.

2025 மே 12

ஒரு திருத்தம். ‘வேண்டுமென்றே தோற்பது’ என்ற பேச்சை வீரர்களின் தலையில் கட்டக் கூடாது. பனித்தரையில் இருப்பவன் அடுத்த ஒப்பந்தத்துக்காக ஆடுகிறான். அவன் தோற்க முயல்வதில்லை. வீரர்களை விற்றும், இரண்டாம் தரக் கோல் காப்பாளரை நிறுத்தியும் தோற்கும்படியான அணியைக் கட்டுவது அலுவலகத்தில் இருப்பவர்கள்.

இதற்கு மாற்று வழி ஒன்று 2012-இலேயே முன்வைக்கப்பட்டது. ஆடம் கோல்ட் என்ற புள்ளியியல் மாணவர் சொன்னது மிக எளிது: ஓர் அணி பிளேஓஃப் வாய்ப்பைக் கணக்கின்படி இழந்த நாளிலிருந்து அது எடுக்கும் புள்ளிகளை எண்ணுங்கள், அதிகம் எடுத்த அணிக்கு முதற் தேர்வு. மோசமான அணி முன்கூட்டியே வெளியேறுவதால் அதற்குப் புள்ளி சேர்க்க அதிக ஆட்டங்கள் கிடைக்கும். ஆனால் வென்றால்தான் பயன். பஃபலோப் பிள்ளை அழுதால் தகப்பனும் சேர்ந்து அழலாம்.

என்எச்எல் தொடாத இந்த முறையைப் பெண்கள் தொழில்முறை ஹொக்கி லீக் 2024-இல் தொடங்கிய முதற் பருவத்திலிருந்தே பின்பற்றுகிறது. வழமையான நேரத்தில் வென்றால் 3 புள்ளி, மேலதிக நேரத்தில் வென்றால் 2, அங்கே தோற்றால் 1 என்பதும் அங்கே உண்டு. என்எச்எல்லில் மேலதிக நேரத்தில் தோற்றவருக்கும் 1 புள்ளி கிடைத்து, சில ஆட்டங்கள் 2 புள்ளியும் சில 3 புள்ளியும் பெறுமதியாக இருப்பதால், ஏப்ரலில் சமநிலையில் இருக்கும் இரு அணிகள் கடைசிப் பத்து நிமிடம் பக்கை (அடித்து ஆடும் வட்டை) ஒருவருக்கொருவர் பரிசளித்துக்கொண்டிருப்பதைப் பார்க்கலாம்.

இன்னொரு விதியும் அங்கே இருக்கிறது: முதலிடம் பெற்ற அணி அரையிறுதியில் தன் எதிரணியைத் தானே தெரிவு செய்யும். மூன்றாவதா, நான்காவதா? இவ்வருடம் மொன்றியல் முதலிடம். அவர்கள் நான்காவதான மினசோற்றாவை விட்டு மூன்றாவதான ஒட்டாவாவைத் தெரிவு செய்தார்கள். நேற்று அந்தத் தொடரின் இரண்டாவது ஆட்டம் நான்காவது மேலதிக நேரம் வரை போனது, மொன்றியல் வென்றது. இரண்டு மேலதிக நேரத்துக்குப் பிறகு நான் உறங்கிவிட்டேன், மனைவிதான் முடிவைச் சொன்னாள்.

வாசகருக்கு என் புதிய பதில் இதுதான். ஒன்றுக்கு எட்டு வேண்டாம், இப்போதைய முறையும் வேண்டாம். கிழக்கிலும் மேற்கிலும் மேல் மூன்று அணிகள் வரிசைப்படி தம் எதிரணியைத் தெரிவு செய்யட்டும். வெற்றிக்குப் பரிசு என்றால் அதுதான். டலஸ் எட்மன்ரனை விட்டுக் கொலராடோவையே விரும்பியிருந்தால் அது டலஸின் பொறுப்பு.

2025 மே 17

மொன்றியல் மூன்றுக்கு ஒன்று என்று தோற்றுவிட்டது. கடந்த வருடம் எங்கள் ரொறன்ரோவும் இதே உரிமையைப் பயன்படுத்தி, கடைசி ஐந்து ஆட்டங்களையும் இழந்திருந்த மினசோற்றாவைத் தெரிவு செய்து, முதல் இரண்டு ஆட்டங்களையும் வென்று, பிறகு மூன்றையும் தொடர்ச்சியாகத் தோற்றது. மினசோற்றா கிண்ணத்தையும் எடுத்துச் சென்றது. தெரிவு செய்தவர்கள் இரண்டு முறையும் வீட்டில். ‘உன்னை இலகுவானவன் என்று நினைத்தார்கள்’ என்று உடைமாற்றும் அறையில் ஒரு கடதாசி ஒட்டினால் போதும் போலிருக்கிறது.

ஆனாலும் மே 12-இல் சொன்னதை நான் திரும்பப் பெறவில்லை. பரிசைத் தவறாகச் செலவழிக்கும் உரிமையும் பரிசில் அடங்கும்.

2025 மே 19

என்எச்எல்லில் புளோரிடா 6, ரொறன்ரோ 1. சொந்த அரங்கில், ஏழாவது ஆட்டத்தில். சட்டைகளைக் கழற்றிப் பனித்தரையில் எறிந்தார்கள். இன்று சீர்திருத்தம் பற்றி நான் எது சொன்னாலும் அது 1967-இலிருந்து கிண்ணம் காணாதவர்களின் முனகலாகவே இருக்கும்.

2025 மே 27

மேற்குக்கும் கிழக்குக்கும் உள்ள வித்தியாசத்தை இதுவரை நான் தொடவில்லை. கல்கரி 96 புள்ளி எடுத்தும் வெளியே நின்றது. கிழக்கில் 91 புள்ளியோடு இரண்டு அணிகள் உள்ளே வந்தன. லீக் முழுவதையும் ஒன்றிலிருந்து பதினாறு வரை வரிசைப்படுத்தியிருந்தால் கல்கரி உள்ளே வந்து, நியூ ஜேர்சி, மொன்றியல் இரண்டில் ஒன்று வெளியே போயிருக்கும். 1980, 1981 ஆகிய இரண்டு வருடங்கள் அப்படித்தான் நடந்தது. 1981-இல் பதினான்காவதான எட்மன்ரன் மூன்றாவதான மொன்றியலை நேராக மூன்று ஆட்டங்களில் தூக்கி எறிந்தது. பிறகு கைவிட்டார்கள். வன்கூவரிலிருந்து மயாமிக்கு ஏழு ஆட்டத்துக்குப் பறப்பதை யாரும் விரும்ப மாட்டார்கள், தொலைக்காட்சிக்காரர் அதிலும் விரும்ப மாட்டார்கள். நியாயமானது, நடவாதது. கல்கரி ரசிகர்கள் மன்னிக்க வேண்டும்.

2020 பெருந்தொற்றில் 24 அணிகளை உள்ளே விட்டதைப் போல இன்னொரு தகுதிச் சுற்று வைக்கலாம் என்ற யோசனைக்கு என் பதில் ஒரே சொல்: வேண்டாம். கிழக்கில் பன்னிரண்டாம் இடத்து மொன்றியல் அன்று பிற்ஸ்பேர்க்கை வெளியேற்றியது. ஆறு மாதம் ஆடியதை ஒரு வாரத்தில் அழிப்பது பருவத்தின் பெறுமதியை இன்னும் குறைக்கும்.

2025 ஜூன் 25

நேற்று ஒட்டாவாவில் பெண்கள் லீக்கின் டிராஃப்ட். நியூயோர்க் தொடர்ந்து இரண்டாவது வருடமாக முதற் தேர்வைப் பெற்று, கிறிஸ்ரினா கல்ரௌன்கோவாவை எடுத்தது. கோல்ட் முறை நன்றாக வேலை செய்கிறது, உதவி தேவைப்பட்ட அணிக்கே முதற் தேர்வு போகிறது என்று எழுதத்தான் உட்கார்ந்தேன்.

எழுத முடியவில்லை. இந்த இரண்டு பருவங்களிலும் ஆறு அணிகளில் நான்கு பிளேஓஃப் போயின. மீதி இரண்டு அணிகளுக்கு இடையில் நடந்ததுதான் அந்தப் போட்டி. இரண்டு வருடம், இரண்டு அணி. காசைச் சுண்டிவிட்டு இரண்டு முறையும் தலை விழுந்ததைப் பார்த்து நாணயத்தின் குணத்தைப் பற்றி நூல் எழுதுவது போலாகும். என்எச்எல்லில் பதினாறு அணிகள் வெளியே நிற்கின்றன. உண்மையிலேயே வெல்லத் திராணியற்ற 2017 கொலராடோ போன்ற அணி, 82 ஆட்டத்தில் 48 புள்ளி எடுத்த அணி, வெளியேறிய பிறகு திடீரென்று எங்கிருந்து புள்ளி எடுக்கும்? (அந்த வருட லொத்தர் அவர்களை நான்காம் இடத்துக்குத் தள்ளியது. நான்காவதாக அவர்களுக்குக் கிடைத்தவர் கேல் மக்கார். 2022-இல் கிண்ணம் வென்றார்கள், பிளேஓஃப்பின் சிறந்த வீரரும் அவரே. கடைசி அணிக்கு முதற் தேர்வு இல்லாவிட்டால் வாழ்வே இல்லை என்பவர்கள் இதற்கு என்ன சொல்வார்கள்?)

இன்னொரு சிக்கலை மகன்தான் காட்டினான். ஒப்பந்தம் முடியப்போகும் 33 வயது வீரரிடம், ‘அடுத்த வருடம் உன் இடத்தைப் பிடிக்கப்போகும் பையனை நமக்குப் பெற்றுத் தருவதற்காகப் பக்கின் முன்னால் பாய்ந்து விழு’ என்று சொல்ல வேண்டியிருக்கும். ஆனால் முன்பே நான் எழுதியபடி அவன் தன் ஒப்பந்தத்துக்காக எப்படியும் விழத்தான் போகிறான். மாற வேண்டியது அலுவலகம். மார்ச் முதல் வாரத்தில் கைமாற்றக் காலம் முடிவதற்குள் ஆறு பேரை விற்றுத் தள்ளும் மேலாளர், ‘விற்றால் ஏப்ரலில் வெல்ல முடியாது, வெல்லாவிட்டால் தேர்வு போய்விடும்’ என்று ஒரு கணம் தயங்கினால் அதுவே எனக்குப் போதும்.

2025 ஜூலை 10

புதிய கூட்டு ஒப்பந்தம் வந்திருக்கிறது: 2026-27 பருவத்திலிருந்து 84 ஆட்டங்கள். பிளேஓஃப்பில் அதே பதினாறு அணிகள். ஆணையர் கரி பெற்மன் இப்போதைய முதற் சுற்றை விரும்புகிறார் என்பதைப் பலமுறை சொல்லிவிட்டார். அவர் 1993-இலிருந்து அந்தக் கதிரையில் இருக்கிறார், நான் இந்த நாட்டுக்கு வந்ததற்கு முன்பிருந்தே. ஆகவே பெரிய லீக்கை விட்டு, என் கைக்கு எட்டும் லீக்குக்கு வருகிறேன்.

மகன் ஒன்பது வயதில் ஆடிய உள்ளூர்ச் சிறுவர் லீக்கிலும் டிராஃப்ட் இருந்தது. செப்ரெம்பரில் காலை ஆறரை மணிக்கு எல்லாப் பிள்ளைகளையும் இலக்கம் போட்ட சட்டையோடு பனித்தரையில் விடுவார்கள். மேலே மூன்று பேர் மட்டையில் கடதாசி செருகிக்கொண்டு மதிப்பெண் போடுவார்கள். அந்த வரிசைப்படி பயிற்றுநர்கள் மாறி மாறித் தெரிவு செய்வார்கள். பயிற்றுநரின் சொந்தப் பிள்ளை அவருக்கே. ஆனால் பிள்ளையின் மதிப்பெண்ணுக்கேற்ற சுற்றில் அவர் தம் தெரிவை இழக்க வேண்டும். நான் வாசற்கதவருகே கோப்பியோடு நின்றபோது, ஒரு பயிற்றுநர் குனிந்து பதினான்காம் இலக்கப் பையனின் சப்பாத்து நாடாவை இறுக்கியபடி, “இன்றைக்கு மெதுவாக” என்று சொன்னது கேட்டது. பையன் கடைத்தள்ளுவண்டி தள்ளுவது போலக் கூம்புகளைச் சுற்றி வந்தான். மதிப்பெண் போட்டு முடித்து, கடைசிப் பத்து நிமிடம் விளையாட்டுக்காகப் பக்குகளை உள்ளே எறிந்தபோது, அவனுக்குத் தகப்பனின் சொல் மறந்துவிட்டது. ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நான்கு பேரைக் கடந்து பறந்தான். மேலே இருந்தவர்கள் அப்போது கடதாசிகளை அடுக்கிப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தார்கள்.

நேற்று அந்த லீக்கின் அமைப்பாளருக்கு மின்னஞ்சல் ஒன்று அனுப்பினேன். அண்ணன் தம்பி காணி பிரிப்பது போல, பயிற்றுநர்கள் எல்லோரும் சேர்ந்து முதலில் சமமான அணிகளைப் பிரிக்கட்டும், எந்த அணி யாருக்கு என்பதைப் பிறகு சீட்டுக் குலுக்கித் தீர்மானிக்கட்டும். அப்போது எந்தப் பிள்ளையையும் ஒளித்து வைப்பதால் யாருக்கும் இலாபம் இல்லை என்று இரண்டு பக்கத்தில் விளக்கியிருந்தேன். இன்று காலை ஒரு வரியில் பதில் வந்தது: “பயிற்றுநரின் சொந்தப் பிள்ளை எந்த அணிக்குப் போகும்?”

அதை நான் யோசித்திருக்கவில்லை.